என்பு கற்பித்த ஆசான்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிசூரி மாநிலத்தின் வடபாலுள்ள கேர்க்ஸ்வில் என்னும் சிற்றூரிலே, 1892ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இரண்டே அறைகள் கொண்ட மரவீடொன்றில் மருத்துவக் கல்லூரியொன்று திறக்கப்பெற்றது. திறந்தவர்க்கு அப்போது வயது 64. மருத்துவக் கல்லூரி எதிலும் முறையாகக் கற்றுப் பட்டம் பெற்றவர் என அவரைச் சொல்லச் சான்றில்லை. தாம் கொண்ட கொள்கையின் பொருட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஏச்சும் ஏளனமும் ஏற்றவர் அவர். அண்ட்ரூ டெயிலர் ஸ்டில் என்பது அவர் பெயர். அவர் வகுத்த மருத்துவ நெறியை ஒஸ்டியோபதி என்பர்.

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் அமெரிக்க மருத்துவர் ஒருவரின் சரிதம் எழுதப் புகுந்தது எற்றுக்கென வாசகர் வினவலாம். திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்த எமது பகுதியிலே, உயர்தர வகுப்பில் உயிரியற் பிரிவு பயிலும் பிள்ளையுள்ள வீடுகளில் இரவும் பகலும் பேசப்படும் பேச்சு ஒன்றே. இவ்வாண்டு வெட்டுப்புள்ளி எவ்வளவு என்பதே அது. உயிரியலில் அதிவிசேட சித்தி பெற்ற பிள்ளை இரசாயனத்திலே சாதாரண சித்தியோடு நின்றுவிட்டால், அவ்வீட்டில் ஒரு திங்கள் அடுப்பு எரிவதே அரிது. அத்தகைய வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர், என்னிடம் தமிழ் கற்றவர், கடல் கடந்து சென்று அமெரிக்கக் கல்லூரியொன்றில் இளமாணிப் பட்டத்துக்குப் பயில்கின்றார். விடுமுறைக்கு வந்திருந்தபோது என்னைக் காண வந்தார். அங்கும் இரசாயனம் அவரை விட்டபாடில்லை. அறிவியற் பாடங்களின் சராசரிப் புள்ளி தாழ்ந்துவிட்டதென்றும், ஆதலால் ஏனைய மருத்துவக் கல்லூரிகளை விடுத்து ஒஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், அங்கே வாயில் சற்றுத் தாழ்வானதென்று கேள்வியுற்றதாகவும் கூறினார். அக்கல்வியைத் தொடங்கியவர் யாரென வினவினேன். அவர்க்குத் தெரிந்திலது. தாம் புகவிரும்பும் கோயிலின் மூலவர் யாரென அறியாது வரிசையில் நிற்பது தகுமோ என்று அவரை அனுப்பிவிட்டு, ஸ்டில் என்பார் 1897இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலையும், பின்னோர் எழுதியவற்றையும் தேடிப் படித்தேன். அவர்க்கு யான் சொல்ல விரும்பிய மறுமொழியே இது. ஏனைய மாணவர்க்கும் பயன்படலாமென்று இங்கே எழுதுகின்றேன்.

ஸ்டில் 1828ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆந் திகதி வேர்ஜீனியா மாநிலத்து லீ என்னும் மாவட்டத்திலே மரக்குடிலொன்றிற் பிறந்தார். தந்தையார் ஏப்ரகாம் ஸ்டில் மெதடிஸ்த சபைப் போதகர். குதிரையேறி ஊர்தோறும் சென்று போதிப்பவர். போதனையோடு மருத்துவமும் செய்தார். எமது பட்டினத்திலும் மெதடிஸ்தர் சபையுண்டு, அவர் பெயரால் பெண்கள் கல்லூரியுமுண்டு. ஆதலின் அத்தகைய போதகரின் வாழ்க்கை எத்துணை அலைச்சலுடையது என்பதை இங்குள்ளார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சபை பணித்தவழிக் குடும்பம் தெனசிக்கும், பின் மிசூரிக்கும் பெயர்ந்தது. பள்ளிக் கல்வி அங்கொன்றும் இங்கொன்றுமாகவே அண்ட்ரூவுக்கு வாய்த்தது. காடும் வேட்டையும் கற்பித்தவை மிகுதி. மானையும் அணிலையும் உரிக்கும்போதே தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நரம்பு எவ்வழி ஓடுகிறது என்று நோக்கும் வழக்கம் அவரிடம் உண்டாயிற்று.

பத்து வயதளவில் நிகழ்ந்த ஒன்றை அவர் தம் நூலிற் குறிக்கின்றார். ஒருநாள் கடுந் தலைநோவு. இரு மரங்களிடையே கட்டிய கயிற்றை நிலத்தின் மேல் ஒரு சாண் அளவிற்குத் தாழ்த்தி, அதன்மேற் போர்வைத் துணியை இட்டு, பிடரியை அதில் வைத்துப் படுத்தார். உறங்கி எழுந்தபோது நோவு இல்லை. ஏன் நீங்கிற்றென அப்போது அவர் ஆராய்ந்தாரல்லர். பல்லாண்டின் பின்னரே அந்தக் கயிற்றை நினைத்தார். சிறு பிள்ளையின் விளையாட்டு என்று பிறர் தள்ளுவதை, உண்டானவழி மறவாது வைத்திருந்தது அவர் இயல்பு.

1849இல் மணம் முடித்து உழவு செய்தார். சோளம் செழித்து நின்ற வேளையில் ஆலங்கட்டி மழை வீழ்ந்து பயிர் முழுவதையும் அழித்தது. பின்பு திங்களுக்குப் பதினைந்து டொலர் ஊதியத்தில் ஊர்ப் பள்ளியிலே ஆசிரியராய் அமர்ந்தார். வயிற்றுப்பாட்டிற்காக ஆசிரியத் தொழிலுக்கு வந்தோர் நம்முள்ளும் உளர். அவர்களிற் சிலர் நல்லாசிரியராய் முடிந்ததை யான் கண்டதுண்டு. ஸ்டில் அத்தொழிலில் நிலைக்கவில்லை. தந்தையார் கான்சாஸ் நிலப்பகுதியில் சோனி என்னும் அமெரிக்கப் பழங்குடியினரிடையே போதகராய்ச் சென்றபோது, 1853இல் அவரும் அங்கே சென்று, தந்தையிடம் மருத்துவம் பயின்றார். அக்காலத்து எல்லைப்புற மருத்துவர் பலரும் அவ்வாறு பயின்றவரே. குருவின் பின்னே மருந்துப்பை தூக்கிச் சென்று கற்ற நம் நாட்டுப் பரம்பரை வைத்தியர்க்கும் அவர்க்கும் இவ்வகையில் வேறுபாடில்லை.

கான்சாஸ் அப்போது கொந்தளித்த நிலம். அடிமை முறையை அங்கே புகுத்துவதா, தடுப்பதா என்று மக்கள் துப்பாக்கி ஏந்தி நின்றனர். ஸ்டில் குடும்பத்தார் அடிமை முறைக்கு உறுதியான பகைவர். 1857இல் அண்ட்ரூ அந்நிலப்பகுதியின் சட்டசபைக்குத் தெரிவு செய்யப்பெற்றார். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் வடவர் படையிற் சேர்ந்தார். இவற்றையெல்லாம் சுருக்கமாகவே கூறிச் செல்கிறேன். நமக்கு வேண்டுவது 1864.

அவ்வாண்டின் தொடக்கத்தில் மூளை முதுகுத்தண்டு உறைக் காய்ச்சல் அவர் இல்லத்திற் புகுந்தது. மருத்துவர்கள் வந்தனர், போதகர்கள் வந்தனர். மருத்துவர் தமக்குத் தெரிந்த மருந்தனைத்தும் கொடுத்தனர். மூன்று பிள்ளைகள் மாண்டனர். தாமே மருத்துவராய் இருந்தும், வந்த மருத்துவர் எவரும் கடமையிற் குறையாதிருந்தும், பிள்ளைகள் பிழைக்கவில்லை. அவர் மருத்துவரைக் குறைகூறினாரல்லர். அவர்கள் கையிலிருந்த மருத்துவத்தையே ஐயுற்றார். அக்காலத்து மருந்தென்பது யாது? இரசம் கலந்த கலோமல் என்னும் உப்பு, அபின், வாந்தி மருந்து, குருதி வடித்தல், கொப்புளம் எழுப்புதல். கலோமல் மிகுந்து பல் ஆடிப்போனோர் எண்ணிறந்தோர். இரசத்தைச் சுத்தி செய்தன்றிக் கையாளலாகாதென்று விதித்த நம் சித்தர் இதனைக் கண்டிருப்பின் என் சொல்லியிருப்பரோ! ஸ்டில் கொண்ட ஐயம் அந்தக் காலத்தில் நியாயமானதே என்பது என் துணிபு.

அன்று தொடங்கிப் பத்தாண்டுகள் அவர் என்புகளோடு வாழ்ந்தார். பழங்குடி மக்களின் புதைகுழிகளைத் தோண்டி உடல்களை எடுத்து ஆராய்ந்தார். அவர் செய்த நன்மை பலவாயினும் இச்செயலை யான் புகழேன். தம் தந்தையிடம் நற்செய்தி கேட்ட மக்களின் இறந்தோரை, அவர்தம் உறவினர் இசைவின்றி எடுத்தது பிழையே. அக்காலத்து மருத்துவர் பலர் அவ்வாறே செய்தனர் என்பது விளக்கமாகும், நியாயம் ஆகாது. எனினும் அதன் விளைவாகக் கண்ணைக் கட்டிவிட்டு எந்த என்பைக் கையிற் கொடுத்தாலும் இன்னது, இடப்பக்கத்தது, வலப்பக்கத்தது என்று சொல்லவல்ல அறிவு அவர்க்கு உண்டாயிற்று.

உடலென்பது தன்னைத் தானே செப்பம் செய்யவல்லதோர் இயந்திரம். குருதி தடையின்றி ஓடுமிடத்தில் நோய் நில்லாது. என்பும் மூட்டும் தசையும் நிலை பிறழின் குருதிக்கும் நரம்புக்கும் தடையுண்டாகும். மருத்துவன் கையால் அத்தடையை நீக்குவானாயின் உடல் தன் வேலையைத் தானே செய்யும். இதுவே அவர் கண்ட முடிவு. 1874ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி இக்கொள்கையை வெளியிட்டதாக அவரே நாட்குறிக்கின்றார்.

வெளியிட்டவுடன் நேர்ந்தது யாது? கான்சாசின் போல்ட்வின் நகரிலே பேக்கர் பல்கலைக்கழகம் என்றொன்று உண்டு. அது எழுந்தபோது ஸ்டில் குடும்பத்தார் நிலம் உதவியோருள் அடங்குவர். கட்டடத்துக்கு மரம் அறுத்து உழைத்தவர் அண்ட்ரூ. தம் கொள்கையை அங்கே விளக்கிப் பேச இடம் கேட்டார். மறுக்கப்பட்டது. தாம் எழுப்ப உதவிய மண்டபத்தின் கதவு தமக்கே அடைபட்டதைக் கண்டவர் உலகில் அரியர். கைவைத்து நோய் தீர்ப்பது தெய்வ நிந்தனை என்று சமயத்தார் சிலர் கூறினர், உறவினரும் விலகினர். விண்ணப்பித்து மறுக்கப்பட்டு நிற்கும் மாணவர்கள் இவ்விடத்தைச் சற்றே நின்று படிப்பாராக.

1875இல் கேர்க்ஸ்வில் வந்தார். அங்கும் எளிதில் வாழ்வு வாய்க்கவில்லை. ஊர் ஊராகச் சென்று மூட்டுப் பிசகியோர்க்கும் இடுப்புப் பிடித்தோர்க்கும் மருத்துவம் செய்தார். மின்னல் வேகத்தில் என்பு பொருத்துவோன் என்று தம்மை விளம்பரம் செய்த காலமும் உண்டு. இங்கே எமக்கு ஒரு நினைவு எழுகின்றது. யான் சிறுவனாயிருந்த நாளில், உட்துறைமுகத்திலே மூடை சுமந்தோரும் வள்ளத்தில் வலை இழுத்தோரும் தோள் விலகினால் ஆஸ்பத்திரிக்கு முன் நாடியது முறிவு நெரிவு வைத்தியரையே. அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார். தடவிய இடத்திலே ஒரு சொடுக்கு. பின்பு எண்ணெய்ச் சீலை சுற்றி, மூங்கிற் சிலாகை வைத்துக் கட்டுவார். அந்த விரலறிவு ஸ்டிலிடமும் இருந்தது. ஆயின் ஒரு வேறுபாடு. நம் வைத்தியர் பலர் அதனை மகனுக்கோ மருகனுக்கோ அன்றிப் பிறர்க்குச் சொல்லார். ஸ்டில் அதனைப் பள்ளிக்கூடமாக்கினார்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஒஸ்டியோன் என்பது கிரேக்க மொழியில் என்பைக் குறிக்கும். வள்ளுவர் ஆண்ட என்பு என்னும் சொல் நம்மிடம் இருக்க, இதனை என்புவழி மருத்துவம் எனலாமா என எண்ணிப் பார்த்தேன். என்பு அதன் தொடக்கமேயன்றி முடிவன்று. ஆதலால் வழங்கும் பெயரையே வைத்துக்கொண்டேன்.

இனிப் பள்ளிக்கு வருவோம். முதல் வகுப்பில் இருபதைச் சற்றே கடந்த தொகையினர் சேர்ந்தனர். அவருடைய மக்கள் சிலரும் ஊரவரும் அவர்களுள் அடங்குவர். பெண்களும் சேர்க்கப்பெற்றனர். பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு பெரும்பாலும் மூடியிருந்த காலம் அது. முற்கல்வி இவ்வளவு வேண்டும் என்ற கடுமை அங்கே இல்லை. இதுகொண்டு அந்தப் பள்ளியை எளிய பள்ளி என்று கருதுவோர் ஏமாறுவர். எடின்பரோவிலே மருத்துவப் பட்டம் பெற்ற வில்லியம் சிமித் என்பவர், மருத்துவக் கருவிகள் விற்க வந்தவர், ஸ்டில் செய்வதைப் பொய்யென்று நிலைநாட்டும் எண்ணத்தோடு உரையாடி, உரையாடலின் முடிவில் அவர் பக்கமே சாய்ந்துவிட்டார். அவரையே உடற்கூற்று ஆசிரியராக ஸ்டில் அமர்த்தினார். தாம் அறியாத முறைமையைத் தம்மினும் இளையவரான பட்டதாரியைக் கொண்டு கற்பிக்க அவர் நாணவில்லை. அப்பள்ளியின் முதற் பட்டயமும் சிமித் அவர்களுக்கே வழங்கப்பெற்றது.

உடற்கூறு, மீண்டும் உடற்கூறு, அதன் மேலும் உடற்கூறு. இதுவே அங்கே பாடம். ஆசான் என்புப் பையோடு நடமாடுவார். மாணவர் விரலுக்குக் கண் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. கதவு அகலமாயிருந்தது, உள்ளே படி செங்குத்தாயிருந்தது. கிறே என்பாரது உடற்கூற்று நூலை மானிப்பாயிலிருந்து வைத்தியர் கிறீன் 1872இலே மனுஷ அங்காதிபாதம் எனத் தமிழில் வெளியிட்டதை வாசகர் அறிவர். அவரும் அமெரிக்கரே, ஆங்கிலம் அறியாமை மருத்துவங் கற்கத் தடையாகலாகாதென்று தமிழிலே கற்பித்தவர். அவரும் வாயிலைத் தாழ்த்தினாரேயன்றிப் பாடத்தைத் தாழ்த்தவில்லை. இந்த இருவர்க்கும் தொடர்பொன்று இருந்ததாக யான் கூறவில்லை. ஒப்புமை மட்டுமே கண்டேன்.

மாநிலம் தந்த உரிமைப் பத்திரத்தின்படி, எம்.டி. என்னும் வழக்கமான பட்டத்தையே ஸ்டில் தம் மாணவர்க்கு வழங்கியிருக்கலாம். வழங்கினாரல்லர். டி.ஓ. என்னும் புதுப்பட்டத்தையே கொடுத்தார். மதிப்புள்ள பழம்பெயரை விடுத்து மதிப்பற்ற புதுப்பெயரைத் தேர்ந்ததனால் அவர் மாணவர் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடவேண்டி நேர்ந்தது. வேர்மொன்ட் மாநிலம் 1896இல் முதன்முதல் அவர்களுக்கு இடங்கொடுத்தது. மிசூரி 1897இல் சட்டம் இயற்றிற்று. அமெரிக்கப் படையில் மருத்துவ அதிகாரிகளாக அவர்கள் ஏற்கப்பட்டது 1966இல். எல்லா மாநிலங்களிலும் முழு உரிமை கிட்டியது 1973இல்.

ஸ்டில் அவர்களின் குறையையும் கூறுதல் வேண்டும். மருந்தென்பதே வேண்டாவென்று அவர் பிடிவாதமாய் நின்றார். அறுவையை ஏற்றார், பிரசவ மருத்துவத்தை ஏற்றார், நஞ்சுமுறிவை ஏற்றார். ஏனையவற்றுக்கு உடலே மருந்துச்சாலை என்றார். கலோமலைக் கண்டவர் அவ்வாறு கூறியது இயல்பே. ஆயின் அவர் வாழ்ந்த நாளிலேயே மருந்தியல் மாறத் தொடங்கியிருந்தது. அதனை அவர் நோக்கவில்லை. 1910இல் வெளிவந்த பிளெக்ஸ்னர் அறிக்கை, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து எழுதப்பட்டது. எட்டு ஒஸ்டியோபதிக் கல்லூரிகளையும் அது கடுமையாகக் கண்டித்தது. ஆய்வுகூடம் இல்லை, மருத்துவமனைப் பயிற்சி போதாது என்பன அதன் குற்றச்சாட்டுகள். கண்டனத்தில் உண்மை இருந்தது. ஆசானின் காலத்துக்குப் பின் மாணவர் பாடத்திட்டத்தில் மருந்தியலும் இடம்பெற்றது. குருவின் சொல்லை மீறியே குருவின் பள்ளியை அவர்கள் காத்தனர் என்பேன்.

என் மாணவர் அறியவேண்டிய செய்தி இங்கேதான் இருக்கின்றது. இன்று டி.ஓ. பட்டம் பெற்றவர் அமெரிக்காவில் முழு மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம். அந்நாட்டு மருத்துவ மாணவர் நால்வருள் ஒருவர்க்குக் குறையாமல் இக்கல்லூரிகளிற் பயில்கின்றனர். 2020 முதல் இருதிறத்தாரும் ஒரே அமைப்பின் கீழ்ப் பட்டப் பின் பயிற்சி பெறுகின்றனர். இலண்டனில் நிலை வேறு. ஸ்டில் அவர்களின் மாணவர் லிற்றில்ஜோன் 1917இல் அங்கே பள்ளி நிறுவினார். 1993இல் பிரித்தானியச் சட்டம் அத்தொழிலுக்கு ஏற்பளித்தது. ஆயினும் அங்குள்ள ஒஸ்டியோபத் கைமுறை மருத்துவரே. மருந்தெழுதும் வைத்தியர் அல்லர். ஒரே சொல்லைக் கேட்டு இலண்டன் உறவினரும் நியூயோர்க் உறவினரும் வெவ்வேறு அறிவுரை கூறுவது இதனாலேதான்.

வாயில் தாழ்ந்ததென்ற பேச்சுக்கு அடிப்படை முற்றாக இல்லாமலில்லை. தோற்ற பாடத்தை மீண்டும் கற்றுத் தேறினால், பழைய புள்ளியை விடுத்துப் புதியதையே கணக்கிடும் வழக்கம் டி.ஓ. கல்லூரிகளின் பொது விண்ணப்ப முறையில் நெடுங்காலம் இருந்தது. இரசாயனத்தில் வீழ்ந்தோர்க்கு அஃது ஏணியாயிற்று. 2017இல் அவ்வழக்கம் நீங்கிற்று. இன்று பழையதும் புதியதும் சேர்த்தே எண்ணப்படும். அறிவியற் பாடங்களின் சராசரி தனியாகவும் கணக்கிடப்படும். நுழைவுத் தேர்வு ஏனையோர்க்குள்ளதே. மீளக் கற்றுத் தேறிய அண்மைப் புள்ளிகளுக்கும், நோயாளரோடு பழகிய பயிற்சிக்கும், இந்நெறியை ஏன் நாடுகின்றேன் என்று எழுதும் கட்டுரைக்கும் மதிப்புண்டு, டி.ஓ. மருத்துவர் ஒருவரின் நற்சான்றைப் பல கல்லூரிகள் விரும்பும். புள்ளி குறைந்ததனால் வந்தேன் என்று எழுதுவோர்க்கு அங்கே யாது மதிப்பிருக்கும்? உடற்கூற்றைக் கையாற் கற்க வந்தேன் என்று உண்மையாக எழுத வல்லவர்க்கே இடமுண்டு. அவ்வாறு எழுதினாலும் இரசாயனம் போகாது. புகுந்தபின் உயிர்இரசாயனமாக வந்து முன்னிற்கும். விரல்கள் மூலம் நோய் அறியும் ஆசை இங்கேயே உள்ளவர்க்குக் கோணேசபுரியிலே, கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில், சித்த மருத்துவப் பட்டப்படிப்பு உண்டு. அதனையும் மருத்துவபீடத்தில் இடங் கிடையாதோர் ஒதுங்கும் திண்ணையென்று சில பெற்றோர் பேசக் கேட்டு மனம் வருந்தினேன். நாடி பார்க்கக் கற்பது இரசாயனத்தினும் எளிதென்று அவர்களுக்கு யார் சொன்னாரோ!

ஸ்டில் முதுமையிலும் பள்ளியை விட்டகன்றாரல்லர். பட்டினமே அவரால் வளர்ந்தது. நோயாளர் புகைவண்டியிலே வந்திறங்கினர். நீண்ட தடியும் அகன்ற தொப்பியுமாக, கையிலே தொடை என்பொன்றை வைத்து உற்றுநோக்கும் முதியவராக அவரைக் காட்டும் நிழற்படம் இன்றும் பெயர்பெற்றது. 1917ஆம் ஆண்டு திசெம்பர் 12ஆந் திகதி, 89ஆம் வயதில், கேர்க்ஸ்வில்லிலேயே காலமானார். அவர் தொடங்கிய பள்ளி இன்று அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம். அதன் அரும்பொருட்சாலையிலே வேர்ஜீனியாவில் அவர் பிறந்த மரக்குடிலையும், முதல் வகுப்பு நடந்த இரண்டறை வீட்டையும் பேணி வைத்திருக்கின்றனர்.